டிரெய்லர் வால் ஆடுது, லோடு எங்க வைக்கறது?

கேள்வி: அண்ணா வணக்கம், நாங்க திருவொற்றியூர்ல இருக்கோம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேம்பிங் டிரெய்லர் வாங்கினோம், 12 அடி பாடி, ஒத்த ஆக்சில், ரெண்டு வீலு, ஆர்சில மொத்த வெயிட்டு 1,000 கிலோன்னு போட்டிருக்கு. உள்ள கட்டில், பின்பக்கம் கிச்சன், கிச்சனுக்கு அடியில 100 லிட்டர் தண்ணி டேங்க், அதுக்கும் பின்னால இன்வெர்ட்டர் பேட்டரி, இதெல்லாம் வெல்டர வெச்சு நாங்களே மாத்திக்கிட்டது. ஸ்கார்பியோல மாட்டி பழவேற்காடு வரைக்கும் ட்ரையல் போனோம், 65 தாண்டினதும் ஒரு கண்டெய்னர் லாரி ஓவர்டேக் பண்ணுச்சு, அப்ப டிரெய்லர் ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சு காரோட பின்பக்கத்தையும் சேத்து இழுத்துது, பசங்க கத்திட்டாங்க. வெல்டர் அண்ணன் பின்னால ரெண்டு மூட்டை மணல் போடுங்க, கம்முனு உக்காந்துக்கும்னு சொல்றாரு. எங்க வீட்டுக்காரர் லோட முன்னால வைக்கலாம்னா கார் பின்பக்கம் கீழ இறங்குதேங்கறார். மணலி வே பிரிட்ஜ்ல, அதாவது லாரி எடை மேடைல, எடுத்த ஸ்லிப்பு ரெண்டும் டயர் போட்டோவும் அனுப்பியிருக்கேன். அடுத்த மாசம் ராமேஸ்வரம் போறோம், மாமியாருக்கு முட்டி வலி, அவங்கள டிரெய்லர் கட்டில்லயே படுக்க வெச்சு கூட்டிட்டு போலாமா?

பதில்:

தங்கச்சி, மணல் மூட்டைய வாங்கியிருந்தீங்கன்னா திருப்பிக் குடுத்துடுங்க, இல்லன்னா வீட்ல செடிக்குப் போடுங்க, டிரெய்லர் பின்னால மட்டும் வேணாம். ஏற்கெனவே பின்னால கனம் ஜாஸ்தியா இருக்கறதாலதான் உங்களுக்கு ஆடியிருக்கு, அதுலயே இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தினா அடுத்த தடவை 65 வரைக்கும் கூட காத்திருக்காது, அம்பதுலயே ஆட்டம் காட்டும்.

வெல்டர் அண்ணன தப்பு சொல்ல மாட்டேன். நம்ம எண்ணூர் ரோடு, மாதவரம், மணலி பக்கம் பட்டறை வெச்சிருக்கவங்க பாதிப் பேரு கண்டெய்னர் டிரெய்லர் பாத்தே கை பழகினவங்க. அதுல இழுக்குற லாரியோட பின் ஆக்சிலுக்கு மேலயே டர்ன்டேபிள் உக்காந்திருக்கும், டிரெய்லரோட முன்பாதி கனம் நேரா லாரி டயர் மேல இறங்கிடும், அதனால அதோட கணக்கே வேற. உங்களது அப்படி இல்ல, காரோட பின் டயருக்கு மூணு நாலு அடி பின்னால ஒரு குண்டு, அதாவது டோ பால், அதுல டிரெய்லர் மூக்கு மாட்டியிருக்கு, அந்த எடத்துல கனம் மேல தூக்கினாலும் கீழ அமுக்கினாலும் நெம்புகோல் வெச்ச மாதிரி கார் மொத்தத்துக்கும் தெரியும்.

சௌகார்பேட்டைல கைவண்டி இழுக்கறவங்க சரக்கு அடுக்கறத கவனிச்சிருக்கீங்களா, எல்லா மூட்டையும் ஏத்தினப்புறம் கைப்பிடிய லேசா தூக்கிப் பாப்பாங்க, கையில கொஞ்சம் கனம் இறங்கணும், அந்தரத்துல மெதந்தா பின்னால இருக்க ஒரு மூட்டைய எடுத்து முன்னால போடுவாங்க. உங்க டிரெய்லருக்கு நான் சொல்லப்போறது இவ்ளோதான், மிச்சம் எல்லாம் அத எப்படி கிலோ கணக்குல பாக்கறதுங்கறதுதான்.

ஸ்லிப்புக்கு வருவோம். ஒண்ணுல கார் டிரெய்லர் ரெண்டும் சேத்து 3,120, இன்னொண்ணுல டிரெய்லர கழட்டிட்டு கார் மட்டும் அதே ஆளுங்களோட 2,080. இத எடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சோ அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, முக்காவாசிப் பேரு மொத்தத்த மட்டும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க. கழிச்சா டிரெய்லர் 1,040 கிலோ. ஆர்சில 1,000, ஆக 40 கிலோ ஓவர். 40 தானேன்னு விடாதீங்க, ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் ஆரம்பிக்கறதே 20,000 ரூபாயில, அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. அத விட, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது இந்த நம்பரத்தான்.

ஆனா எனக்கு பக்குனு ஆனது ஸ்லிப்பு பாத்து இல்ல, டயர் போட்டோ பாத்து. அதுல 155/80 R13 79T னு இருக்கு பாருங்க, கடைசில வர்ற அந்த 79 தான் லோடு இண்டெக்ஸ், அப்படின்னா ஒரு டயர் 437 கிலோ தாங்கும், ரெண்டுக்கும் சேத்து 874. உங்க டிரெய்லர் 1,040, அதுல ஒரு 50லேர்ந்து 100 கிலோ கார் தாங்கினாலும் மிச்சம் 940க்குக் கொறையாம அந்த ரெண்டு டயர் மேலதான் இருக்கு. சித்திரை வெயில்ல தார் ரோட்டுல இந்த லோடோட போனா டயர் சைடுல சூடாகி வெடிக்கும், ஒத்த ஆக்சில் வண்டில ஒரு டயர் போச்சுன்னா தாங்கிப் பிடிக்க வேற டயர் இல்ல. அந்த 437ங்கறதும் முழுக் காத்து, அதாவது சுமார் 36 பிஎஸ்ஐ இருந்தாத்தான், டிரெய்லர்தானேன்னு 28 வெச்சிக்கினு ஓட்டினா அதுவும் தாங்காது. ராமேஸ்வரத்துக்கு முன்னாடி ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. லோட கொறச்சு டயர் மேல வர்றத 800க்குள்ள கொண்டு வாங்க, இல்ல ரிம் ஹப் ஒத்து வந்தா லோடு இண்டெக்ஸ் 85 இருக்குற டயர் போடுங்க, அது ஒண்ணு 515 கிலோ தாங்கும். பெரிய டயர் போட்டா மட்கார்டுல இடிக்குதான்னு பாத்துக்கங்க. டயர் மாத்திட்டோம்னு ஆர்சி வெயிட்டு ஏறாது, அது அதே 1,000 தான்.

இப்ப நீங்க எடுக்காம விட்ட ஸ்லிப்பு. அதுதான் ஆட்டத்துக்குக் காரணத்த சொல்ற ஸ்லிப்பு. கார் டிரெய்லர் மாட்டின நெலமைலயே, காரோட நாலு வீலும் மேடை மேல, டிரெய்லர் வீலு மட்டும் மேடைக்கு வெளிய தரையில, அந்த மாதிரி நிறுத்தி ஒரு எடை எடுக்கணும். அந்த எடைல கார் மட்டும் எடைய கழிச்சா டோ பால் மேல எவ்ளோ கனம் இறங்குதுன்னு வந்துடும். உதாரணத்துக்கு அது 2,130 வந்துச்சுன்னா, 2,080 போக 50 கிலோ. டேங்க் பேட்டரி கிச்சன் எல்லாம் நீங்க வெச்சிருக்க எடத்த பாத்தா இந்த அளவுலதான், இல்ல இதுக்கும் கீழதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

1,040 கிலோ டிரெய்லருக்கு 50ங்கறது அஞ்சு பர்சென்ட் கூட இல்ல. அமெரிக்காக்காரங்க பால் மேல டிரெய்லர் மொத்த எடைல 10லேர்ந்து 15 பர்சென்ட் இறங்கணும்பாங்க, யூரோப்புல கொறைவா வைப்பாங்க, அஞ்சு ஏழு பர்சென்ட்டு, ஆனா அங்க கம்பெனில டெஸ்ட் பண்ணி வர்ற காரவன், ஆட்டத்த அடக்குற ஸ்டெபிலைசர், ஸ்பீடு கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. நம்ம பட்டறைல பண்ண வண்டிக்கு நான் 10 பர்சென்ட்டுக்குக் கீழ விடமாட்டேன். ரொம்ப ஏத்தவும் கூடாது, உங்க வீட்டுக்காரர் சொல்றதும் உண்மைதான். பால்ல 50 கிலோ இறங்கினா காரோட பின் ஆக்சில்ல 50 இல்ல, சுமார் 70 ஏறும், ஏன்னா முன் ஆக்சில்லேர்ந்து ஒரு 20 கிலோவ அது தூக்கி எடுத்துடும். நெறைய ஆச்சுன்னா ஸ்டீரிங் பூ மாதிரி லேசாயிடும், முன் பிரேக் பிடிப்பு கொறையும், நைட்ல ஹெட்லைட் மேல பாக்கறதால எதுத்த லாரிக்காரன் ஹைபீம் அடிச்சு திட்டினே வருவான். அதனால வே பிரிட்ஜ்ல காரோட முன் வீலு மட்டும் மேடைல ஏறின ஒடனே ஒரு எடை பாத்து வெச்சுக்கங்க, டிரெய்லர் மாட்டி ஒரு தடவ, கழட்டி ஒரு தடவ, எவ்ளோ கொறையுதுன்னு தெரிஞ்சுடும்.

ஆக வரிசை இதான்: மாட்டின காரோட முன் வீலு, அப்புறம் கார் முழுசா, அப்புறம் டிரெய்லரோட சேத்து மொத்தம், வெளிய போய் டிரெய்லர கழட்டிட்டு வந்து மறுபடி கார் முன் வீலு, கார் முழுசா. உள்ள யாரெல்லாம் உக்காந்திருந்தாங்களோ அவங்க எல்லா தடவையும் இருக்கணும், நடுவுல டீசல் போடக்கூடாது. எடை எடுக்கும்போது வண்டிய நியூட்ரல்ல விட்டு பிரேக்ல இருந்து கால எடுங்க, பிரேக் புடிச்சிருந்தா ஒரு ஆக்சில் கனம் இன்னொண்ணுக்குப் போயி நம்பர் மாறும். விடியக்காலைல போங்க, பத்து மணிக்கு மேல ஹார்பர் லோடு கியூ கட்டிடுச்சுன்னா உங்க ஒத்த டிரெய்லருக்காக ஆபரேட்டர் அஞ்சு தடவை எடை பாத்துனு இருக்க மாட்டாரு, போன ஒடனே விஷயத்த சொல்லி எல்லாத்துக்கும் சேத்து என்ன காசுன்னு பேசிக்குங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கண்டெய்னர் எடை போடுற மேடை 10 கிலோ 20 கிலோ கணக்குலதான் காட்டும், அதுல 50 கிலோ வித்தியாசத்த கழிச்சு எடுத்தா அது நெஜத்துல 30 ஆவும் இருக்கலாம், 70 ஆவும் இருக்கலாம். மொத்த எடைக்கும் ஆக்சில் எடைக்கும் வே பிரிட்ஜ் ஓகே, பால் எடைய மட்டும் தனியா சின்ன தராசுல பாத்துடுங்க. பழைய இரும்புக் கடை எல்லாத்துலயும் ஒரு எலக்ட்ரானிக் பிளாட்பாரம் தராசு இருக்கும், காசிமேட்டுல மீன் கூடை எடை போடுறது மாதிரி, 300 கிலோ வரைக்கும் பாக்கும். சமமான தரையில டிரெய்லர நிறுத்தி, வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுத்து, தராசு மேல ஒரு பலகை, அது மேல ஒரு கட்டை நிக்க வெச்சு, அதுல கப்ளர், அதாவது பால் மேல மாட்டுற டிரெய்லர் மூக்கு, உக்கார மாதிரி மெதுவா ஜாக்கிய இறக்குங்க. முக்கியமா கப்ளரோட உயரம், கார்ல ஆளுங்க சாமான் எல்லாம் ஏத்தினப்புறம் பால் தரையிலேர்ந்து எவ்ளோ உயரத்துல இருக்கோ அதே உயரத்துல இருக்கணும், மூக்கு ஏறியோ இறங்கியோ இருந்தா எடை வேற காட்டும். ஜாக்கி வீலு தரையில படாம முழுசா தூக்கியிருக்கணும், இல்லன்னா பாதி கனத்த அது தாங்கிக்கும். பலகை கட்டை எடைய முன்னாடியே ஜீரோ பண்ணிக்கங்க.

வீட்ல இருக்குற ஆள் நிக்குற தராசுதான் இருக்குன்னா அதுலயும் பண்ணலாம். நல்ல கெட்டியான நீள மரக்கட்டை ஒண்ணு, ஒரு முனை செங்கல் மேல, இன்னொரு முனை தராசு மேல, தராசுலேர்ந்து செங்கல் மூணு அடி. செங்கல்லேர்ந்து ஒரு அடி தள்ளி கப்ளர் உக்காரணும். தராசு காட்டுறத மூணால பெருக்குங்க, 35 காட்டினா 105 கிலோ.

சரி, 50 கிலோதான் இருக்குன்னு வெச்சுக்குவோம், எப்படி ஏத்தறது? இங்கதான் ஜனங்க கண்ணுபோக்குல சாமான நகத்தி நகத்தி சோந்து போறாங்க, ஆனா கணக்கு ரொம்ப ஈசி. ஒரு சாமானோட எடைய, அது ஆக்சில்லேர்ந்து எத்தன அடி தள்ளி இருக்கோ அதால பெருக்கி, ஆக்சில்லேர்ந்து கப்ளர் எத்தன அடியோ அதால வகுத்துடுங்க. ஆக்சிலுக்கு முன்னால இருந்தா அவ்ளோ கிலோ பால்ல ஏறும், பின்னால இருந்தா அவ்ளோ கொறையும். உங்க அளவுல ஆக்சில்லேர்ந்து கப்ளர் 10 அடினு வெச்சுக்குவோம், டேங்க் நாலு அடி பின்னால. முழுசா ரொம்பின டேங்க் 100 கிலோ, நாலால பெருக்கி பத்தால வகுத்தா 40 கிலோவ அது ஒண்ணே பால்லேர்ந்து தூக்குது. அதே டேங்க ஆக்சிலுக்கு ரெண்டு அடி முன்னால கட்டிலுக்கு அடியில மாத்தினீங்கன்னா தூக்கறது நின்னு 20 கிலோ இறங்க ஆரம்பிச்சுடும், ஆக மொத்தம் 60 ஏறி 50 கிலோ 110 ஆயிடும், பத்தரை பர்சென்ட்டு. ஒரு வெல்டிங் வேலை, ஒரு ஓஸ் பைப்பு, முடிஞ்சுது.

வெல்டிங்குக்கு டைம் இல்லன்னா இன்னும் சுலபம், தண்ணிய ரொப்பாதீங்க. டேங்க் காலியா இருந்தா டிரெய்லர் 940, பால்ல 90, ஒன்பதரை பர்சென்ட்டுக்கு வந்துடும், பத்துக்குக் கொறையற மிச்சத்த கீழ சொல்ற பேட்டரிய மாத்தினா புடிச்சுடலாம், ஆர்சி கணக்கும் சரியாயிடும். ராமேஸ்வரத்துல தண்ணி கெடைக்காதா என்ன, போய் ரொப்பிக்கங்க, வழிக்கு ரெண்டு கேன் காருக்குள்ள வெச்சுக்கங்க. நெறைய பேருக்கு போகும்போது வண்டி ஒழுங்கா போயிட்டு திரும்பி வரும்போது ஆடும், காரணம் தேடிக்கினே இருப்பாங்க, பாத்தா போன எடத்துல டேங்க ரொப்பிட்டு மிச்சத்தோட கெளம்பியிருப்பாங்க, இல்ல பாத்திரம் கழுவின அழுக்குத் தண்ணி டேங்க் பின்னால ரொம்பியிருக்கும். கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் தொறந்து விட்டுடணும்.

பேட்டரி இன்னொண்ணு. 150 ஏஎச் டியூபுலர்னா 50 கிலோவுக்கு மேல வரும், அது அஞ்சு அடி பின்னால. அத ஆக்சிலுக்கு நேரா மேல கொண்டு வந்தாலே பால்ல 25 கிலோ ஏறும். ஆனா மூக்குல, டிரெய்லர காரோட சேக்கற டிரா பார் கம்பி மேல கொண்டு போய் கட்டாதீங்க. பின்னால கிச்சன் கனம் அப்படியே இருக்க, முன்னால பேட்டரி சிலிண்டர்னு ஏத்தினா பால் எடை என்னமோ கரெக்டா காட்டும், ஆனா ரெண்டு முனையிலும் கனம் இருக்குற வண்டி ஒரு தடவ ஆட ஆரம்பிச்சா நிறுத்தறது ரொம்ப கஷ்டம். கனமான எல்லாம் ஆக்சிலுக்கு பக்கத்துல, கொஞ்சம் முன்னால, தரையோட தரையா, முனைகள்ல பெட்ஷீட்டு பாய் தலகாணி மாதிரி லேசான சாமான். மேல லாஃப்ட்ல அரிசி மூட்டை, குக்கர் எல்லாம் வேணாம். இடம் வலம் பாக்கறதுக்கு ரெண்டு வீலு பக்கமும் சேசிஸ் தரையிலேர்ந்து எவ்ளோ உயரம்னு டேப் வெச்சு பாருங்க, ஒரு பக்கம் நல்லா தாழ்ந்திருந்தா அந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி, இல்ல ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்கு.

இதெல்லாம் பண்ணாலும் கார் பின்னால பால் மாட்டியிருக்க டோ பார்ல எவ்ளோ தாங்கும்னு ஒரு பிளேட் இருக்கும், 75, 100 அப்படின்னு, அத தாண்டக்கூடாது. 100 போட்டிருந்தா டிரெய்லர 950 சுத்திலயே வெச்சுக்கங்க. பிளேட்டே இல்லன்னா அது பம்பர்ல மாட்டினதா, சேசிஸ்ல மாட்டினதான்னு படுத்து பாருங்க, ஸ்கார்பியோ லேடர் சேசிஸ் வண்டி, அந்த ரெண்டு கம்பி மேல போல்ட் இறங்கியிருந்தாத்தான் நம்பலாம். பாலும் அளந்துடுங்க, 50 மில்லிமீட்டர் பாலும் உண்டு, ரெண்டு இன்ச் பாலும் உண்டு, அது 50.8. கண்ணுக்கு ஒண்ணா தெரியும், ஆனா 50 கப்ளர் ரெண்டு இன்ச் பால் மேல முழுசா இறங்காது, மூடின மாதிரி தெரியும், பள்ளத்துல கழண்டு வந்துடும். மாட்டினப்புறம் ஜாக்கிய வெச்சு மூக்க தூக்கிப் பாருங்க, கார் பின்பக்கமும் சேந்து எழும்பணும்.

போட்டோல டிரெய்லருக்கு பிரேக்கே தெரியல. யூரோப்புல 750 கிலோவுக்கு மேல டிரெய்லருக்கு சொந்த பிரேக் கட்டாயம், உங்களது அத தாண்டி எங்கயோ நிக்குது. தள்ளினா தானா புடிக்கிற ஓவர்ரன் பிரேக் போட சொல்லுங்க, மத்த செலவ எல்லாம் தள்ளிப் போட்டாலும் இத தள்ளிப் போடாதீங்க.

மறுபடி ஆடினா என்ன பண்றதுன்னு ஓட்டறவர் முன்னாடியே மனசுல பதிய வெச்சுக்கணும், அந்த நேரத்துல யோசிக்க முடியாது. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்கணும், ஸ்டீரிங்க நேரா கெட்டியா புடிக்கணும், ஆட்டத்துக்கு எதிரா திருப்பி திருப்பி சரி பண்ணப் பாக்கக்கூடாது, படக்குனு பிரேக்கும் அடிக்கக்கூடாது, ஸ்பீடு தானா இறங்கினா ஆட்டம் அடங்கும். வேகம் ஏத்தி இழுத்துட்டா நேராயிடும்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க. ஸ்பீடு 60ல வெச்சுக்கங்க. ஈசிஆர்ல போறதா இருந்தா கடக்காத்து எழும்பறதுக்கு முன்னாடி காலைலயே தூரத்த ஓட்டிடுங்க. 1988ல தொறந்த அந்த பாம்பன் ரோடு பாலம் ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல, பக்கவாட்டுல காத்து வீசும், அதுல 30, 40 தாண்டவே வேணாம், பின்னால ஹாரன் அடிக்கறவன் அடிச்சுக்கட்டும்.

அம்மாவ டிரெய்லர்ல படுக்க வெக்கறது மட்டும் கண்டிப்பா கூடாது தங்கச்சி. அதுல பெல்ட் இல்ல, கூப்பிட்டா உங்களுக்கு கேக்காது, டயர் வெடிச்சாலோ கழண்டாலோ மொதல்ல கவுர்றது அதான். முன் சீட்ட பின்னால தள்ளி அவங்கள உக்கார வெச்சு காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் குடுங்க, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி நடக்க விடுங்க, வண்டி நின்னப்புறம் அந்தக் கட்டில்ல எவ்ளோ நேரம் வேணா கால நீட்டட்டும்.

நிறுத்தும்போதெல்லாம் வீட்டுக்காரர டிரெய்லரோட ரெண்டு ஹப்லயும் கைய கிட்ட கொண்டு போய் பாக்க சொல்லுங்க, வெதுவெதுன்னு இருந்தா சரி, தொட முடியாத சூடா இருந்தா பேரிங் போயிட்டிருக்கு, அங்கயே ஆள கூப்பிடுங்க. புது ஸ்லிப்பு எடுத்தப்புறம் அஞ்சு நம்பரையும் பால் எடையையும் எழுதி அனுப்புங்க, டேங்க எங்க வெக்கலாம்னு அடி கணக்கா போட்டுத் தரேன்.